டிசம்பர் லீவில் டெல்லி: முதல்முறை போகும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

போன டிசம்பரில் அம்மா, கணவர், பிள்ளைகள் இரண்டு பேர், நான் என ஐந்து பேராக டெல்லி போய்வந்தோம். பையனுக்குப் பதின்மூன்று வயது, பெண்ணுக்கு ஒன்பது. சென்னையை விட்டு வடக்கே அவ்வளவு தூரம் குடும்பமாகப் போனது அதுதான் முதல் தடவை. ஊர் நன்றாக இருந்தது. ஆனால் பார்க்க வேண்டிய இடங்களில் பாதியை முதல் இரண்டு நாளில் பூட்டிய கதவாகத்தான் பார்த்தோம். ரயில் ஆறு மணி நேரம் தாமதம். அறையில் ஹீட்டர் இல்லை. ஒவ்வொன்றும் முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டெல்லி போக நினைக்கிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் காலண்டர்

டெல்லிப் பயணத்தைத் தீர்மானிப்பது திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான். நாங்கள் ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து, திங்கள் காலையில் உற்சாகமாகச் செங்கோட்டைக்குக் கிளம்பினோம். திங்கட்கிழமை செங்கோட்டை விடுமுறை. சரி, அக்ஷர்தாம் போகலாம் என்றால் அதுவும் திங்கள் விடுமுறை. தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், தீன் மூர்த்தியில் இருக்கும் பிரதமர்கள் அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் எல்லாமே அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல். டெல்லி மிருகக்காட்சி சாலையும் வெள்ளி விடுமுறை.

எல்லா நாளும் திறந்திருப்பவை குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, இந்தியா கேட், பங்களா சாஹிப் குருத்வாரா. இவற்றைத் திங்களுக்கும் வெள்ளிக்கும் ஒதுக்கிவைத்தால் ஒரு நாளும் வீணாகாது. ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, முதலில் இந்த இரண்டு நாளை நிரப்பிவிடுங்கள். மற்ற நாட்கள் தானாக அமைந்துவிடும்.

2. எந்த வாரம் போவது

தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை டிசம்பர் 24 வாக்கில் தொடங்கி, ஜனவரி முதல் சில நாட்கள்வரை இருக்கும். நமக்குக் கிடைப்பது அந்தப் பத்து நாள்தான். டெல்லியில் பனிமூட்டம் அடர்த்தியாக இருக்கும் காலமும் அதுவேதான். அதை மாற்ற முடியாது, அதற்கு இடம்விட்டுத் திட்டம் போடலாம்.

பொங்கல் லீவோடு சேர்த்து ஜனவரி நடுவில் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குடியரசு தினம் நெருங்க நெருங்க அணிவகுப்பு ஒத்திகைக்காகக் கடமைப் பாதை பக்கம் கெடுபிடி அதிகமாகும், செங்கோட்டையும் சில நாட்கள் மூடப்படும். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசி வாரமே மேல்.

பகல் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். அந்த வாரத்தில் டெல்லியில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வரும், மாலை ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். பனி இருந்தால் காலை பத்து மணிவரை ஒன்றும் தெரியாது. ஆக, கையில் இருப்பது ஏழு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடம் என்று எழுதினாலே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

3. ரயில் டிக்கெட்: அறுபது நாள் கணக்கு

முன்பு நான்கு மாதம் முன்னால் எடுக்கலாம். 2024 நவம்பர் முதல் அது அறுபது நாளாகக் குறைந்துவிட்டது, பயண நாளைச் சேர்க்காமல். டிசம்பர் 24 கிளம்ப வேண்டுமென்றால் அக்டோபர் 25 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். டிசம்பர் 31 திரும்புவதற்கு நவம்பர் 1. இந்த இரண்டு தேதியையும் மொபைலில் அலாரமாக வைத்துவிடுங்கள். நான் முன்பதிவு திறக்கும் அன்று சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பார்க்கும்போது காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது. நாங்கள் போன தேதி நாங்கள் விரும்பிய தேதி அல்ல, டிக்கெட் கிடைத்த தேதி. ஞாயிறு போய்ச் சேர்ந்து திங்களன்று மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

அக்டோபர் தொடக்கத்திலேயே ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் இப்போது வழி. தட்கலுக்கும் அப்படியே. காலை 7.55-க்கு உட்கார்ந்து ஓ.டி.பி. வரவில்லை என்று தவிப்பதில் பயனில்லை. பயணிகளின் பெயர், வயது எல்லாவற்றையும் முன்பே பட்டியலில் சேமித்துவிட்டால், எட்டு மணிக்குத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுவது மட்டும்தான் வேலை.

சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தினமும் புதுடெல்லி போகின்றன. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி, ஒரு முழு நாள் ஓடி, மூன்றாம் நாள் காலையில் சேரும். மதுரைப் பக்கத்தில் இருப்பவர்கள் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியையும், கன்னியாகுமரி, நெல்லைக்காரர்கள் திருக்குறள் எக்ஸ்பிரஸையும் பார்க்கலாம். இரண்டும் தினமும் ஓடுவதில்லை, நிற்பதும் ஹஸ்ரத் நிஜாமுதீனில், புதுடெல்லி ஸ்டேஷனில் அல்ல. சென்னையிலிருந்து கட்டணம் ஸ்லீப்பரில் எண்ணூறுக்கு மேல், மூன்றடுக்கு ஏ.சி.யில் இரண்டாயிரத்துச் சொச்சம். குளிர்காலத்தில் ஸ்லீப்பர் வேண்டாம் என்பது என் கருத்து. போபாலைத் தாண்டி இரவில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது, எவ்வளவு இழுத்து மூடினாலும் சந்து வழியாகக் காற்று வரும், போர்வையும் தரமாட்டார்கள். சின்னப் பிள்ளையோ பெரியவர்களோ கூட வந்தால் ஏ.சி.தான்.

பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்றால் இதைக் கவனியுங்கள். அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியும். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்ட எங்களுக்கு, முழங்கால் வலி இருக்கும் அம்மாவுக்கு மேல் படுக்கை விழுந்தது. நல்ல மனிதர் ஒருவர் மாற்றிக்கொடுத்தார். திரும்பும்போது அம்மாவுக்குத் தனி டிக்கெட், அந்த ஒதுக்கீட்டிலேயே எடுத்தேன், கீழ்ப் படுக்கை கிடைத்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை கிடையாது. இரண்டு இரவு ஒரே படுக்கையில் இருவர் படுப்பது சிரமம், முழு டிக்கெட்டே எடுத்துவிடுங்கள்.

காத்திருப்பில் டிக்கெட் இருந்தால் ஏறிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். ஆர்.ஏ.சி. (உட்கார இடமாவது உறுதி) ஆகாத டிக்கெட்டோடு ஏ.சி.யிலோ ஸ்லீப்பரிலோ ஏறவிடமாட்டார்கள்.

4. விமானம் என்றால்

சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதிகாலையிலும் முன்னிரவுக்குப் பின்னும் டெல்லியில் இறங்கும் விமானங்கள் விலை குறைவாகத் தெரியும். பனியில் முதலில் அடிபடுவதும் அவைதான். பகல் பன்னிரண்டுக்கும் மாலை ஐந்துக்கும் இடையில் இறங்குகிற மாதிரி எடுங்கள். திரும்பும்போதும் அதே கணக்கு. வானிலையால் ரத்தானால் பணமோ வேறு விமானமோ தருவார்கள். அதற்கு மேல் நஷ்டஈடு எதிர்பார்க்க முடியாது.

எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். மூன்றாம் முனையத்தில் இறங்கினால் விமான நிலைய எக்ஸ்பிரஸ் மெட்ரோ புதுடெல்லி ஸ்டேஷனுக்கு இருபது நிமிடத்தில் கொண்டுவந்து விடும். இரண்டாம் முனையத்திலிருந்தும் நடந்து வந்து அதைப் பிடிக்கலாம். முதல் முனையம் தள்ளி இருக்கிறது, அதற்கு மெஜந்தா வழி மெட்ரோ.

5. கையில் வேண்டிய ஆவணங்கள்

எல்லோருடைய அசல் ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுடையதையும். தங்கும் இடத்தில் பெரியவர்கள் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் பதினைந்து வயதுக்குக் கீழ் இலவசம். உயரமான பையனாக இருந்தால் வயதுக்கு ஆதாரம் கேட்கிறார்கள். எங்களிடம் செங்கோட்டையில் கேட்டார்கள், ஆதாரைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

ஒரு நகல் செட் தனியாக ஒரு பையில் இருக்கட்டும். மொபைலில் டிஜிலாக்கரிலும் வைத்துக்கொள்ளுங்கள். அக்ஷர்தாமில் மொபைலை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், அன்றைக்குத் தங்குமிட முகவரியையும் குடும்பத்தாரின் போன் எண்களையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வைத்தேன். கூட்டத்தில் அது எனக்குத் தெம்பாக இருந்தது.

குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் போக விரும்பினால் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், ஆளுக்கு 50 ரூபாய். அசல் அடையாள அட்டை இல்லாமல் விடமாட்டார்கள். அரசு விடுமுறை நாட்களில் கிடையாது, ஆகவே டிசம்பர் 25-ஐ விட்டுவிடுங்கள். விடுமுறை வார இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயில் டிக்கெட் உறுதியானதும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

நாங்கள் விசாரித்த பயண முகவர் ஒருவர் தந்த நிகழ்ச்சி நிரலில் மாளிகைத் தோட்டமும் இருந்தது. அம்ருத் உத்யான் எனப்படும் அந்தத் தோட்டத்தைக் குளிர்காலத்தில் பொதுமக்களுக்குத் திறப்பது பிப்ரவரி வாக்கில்தான். டிசம்பர் பேக்கேஜில் அதைப் போட்டிருந்தால், மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

6. அறை: ஹீட்டரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

சென்னையில் அறை எடுக்கும்போது ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். டிசம்பர் டெல்லியில் ஏ.சி. எதற்கும் உதவாது. எங்கள் அறை படத்தில் பளிச்சென்று இருந்தது. போய்ச் சேர்ந்த இரவு வெப்பம் ஏழு டிகிரி. பளிங்குத் தரை. காலை வைத்தால் ஜில்லென்று முழங்கால்வரை ஏறியது. ஹீட்டர் கேட்டால் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 300 ரூபாய் தனி என்றார்கள். வெந்நீர் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை மட்டும். பேரம் பேசும் நிலையில் நாங்கள் இல்லை, அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார்.

பதிவு செய்வதற்கு முன் வாட்ஸ்அப்பில் இதை எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்: அறையில் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? கீசர் குளியலறைக்குள் இருக்கிறதா, எந்த நேரமும் ஓடுமா? ஆளுக்கு ஒரு ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த தடித்த போர்வை) கிடைக்குமா? லிஃப்ட் உண்டா? காலை ஏழு மணிக்கு வந்தால் அறை தருவீர்களா, அல்லது பன்னிரண்டுவரை காத்திருக்க வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி ரயிலில் போகிறவர்களுக்கு முக்கியம். இரண்டு இரவு ரயிலில் இருந்துவிட்டு, பனியில் ஐந்து மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பிள்ளைகளால் முடியாது.

பஹாட்கஞ்ச் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, வாடகை குறைவு, ஆனால் குறுகிய சந்துகள், இரைச்சல். குடும்பத்துக்குக் கரோல் பாக் மேல். மெட்ரோ பக்கம், கடைகள் பக்கம், தமிழர்கள் பல காலமாக வாழும் பகுதி.

சில இடங்களில் ஹீட்டருக்குப் பதிலாகக் கரி அடுப்பு கொண்டுவந்து வைக்கிறேன் என்பார்கள், அங்கீட்டி என்று பெயர். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு நிறையும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். வட இந்தியாவில் குளிர்காலத்தில் இப்படிச் சாவுகள் நடக்கின்றன.

7. துணிமணி, மருந்து

ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை விட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டரோ ஜெர்கினோ. மதியம் வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தெர்மலை இங்கேயே வாங்குங்கள், இறங்கும்போதே அது உடம்பில் இருக்க வேண்டும். ஸ்வெட்டர், சால்வை அங்கே ஜன்பத்திலும் சரோஜினி நகரிலும் மலிவு. முதல் நாளுக்கு ஒன்று கையில் இருந்தால் போதும்.

காதை மூடும் குல்லா, சாக்ஸ், ஷூ மூன்றும் கட்டாயம். செருப்போடு போகாதீர்கள். சாக்ஸ் ஆளுக்கு நான்கு ஜோடி. நிறைய இடங்களில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். பங்களா சாஹிப் வாசலில் கால் நனைக்கும் தண்ணீரில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். காலைக் குளிரில் அந்தத் தண்ணீர் விரல்களை மரத்துப்போகச் செய்தது. சின்னத் துண்டு ஒன்றும் உலர்ந்த சாக்ஸும் கைப்பையில் இருந்தால் வெளியே வந்ததும் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகிவிடும். வாய் அகன்ற டப்பாவில் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். உதடு வெடிக்கும், வாசலின் வேண்டும்.

காற்று மாசைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆஸ்துமா, வீசிங் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, இன்ஹேலரோடு போக வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அன்றன்றைய காற்றுத் தரக் குறியீடு தெரியும். 300-க்கு மேல் மிக மோசம், 400-க்கு மேல் கடுமை. நாங்கள் 400-க்கு மேல் போன நாளில் வெளியிடங்களை விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனோம். மாஸ்க் என்றால் என்95, துணி மாஸ்க் அல்ல.

8. இறங்கியதும்

புதுடெல்லி ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கம். முதல் நடைமேடைப் பக்கம் பஹாட்கஞ்ச், பதினாறாம் நடைமேடைப் பக்கம் அஜ்மீரி கேட். மெட்ரோ அஜ்மீரி கேட் பக்கம். இது தெரியாமல் தப்பான பக்கம் வெளியேறிவிட்டால், பெட்டிகளோடு மேம்பாலம் ஏறித் திரும்ப வேண்டும்.

வெளியே வந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். "உங்கள் ஓட்டலில் இடமில்லை", "அந்தத் தெரு மூடியிருக்கிறது", "அரசு சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்பார்கள். எதற்கும் நிற்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தங்குமிடத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள், அவர்கள் போட்டுத் தரும் போனில் பேசாதீர்கள். ஆட்டோ வேண்டுமென்றால் ப்ரீபெய்டு பூத்தில் சீட்டு வாங்கி ஏறுங்கள், இறங்கிய பிறகுதான் சீட்டை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். மீட்டர் ஆட்டோவுக்கு முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11. வாடகை எவ்வளவு ஆகும் என்று இந்தக் கணக்கு தெரிந்தாலே பாதிப் பேரம் முடிந்துவிடும்.

ஊருக்குள் சுற்ற மெட்ரோவைப் போல வசதி வேறில்லை. கட்டணம் 11 ரூபாயிலிருந்து 64 வரை. ஸ்மார்ட் கார்டு வாங்கினால் பத்து சதவீதம் குறையும், வரிசையும் மிச்சம். முதல் பெட்டி பெண்களுக்கு. செங்கோட்டைக்கு வயலட் வழியில் லால் கிலா ஸ்டேஷன், அக்ஷர்தாமுக்கு நீல வழியில் அதே பெயர் ஸ்டேஷன், தாமரைக் கோயிலுக்குக் கால்காஜி மந்திர். குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கினால் மினார் எதிரில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும்.

9. நாள்வாரித் திட்டம்

மறுபடி போனால் நான் இப்படித்தான் போவேன். செவ்வாய் இரவு சென்னையில் ஏறி வியாழன் காலை இறங்குவது.

வியாழன் பகல் முழுக்க ஓய்வு. ரயில் தாமதமானாலும் எதுவும் கெடாது என்பதற்காகவே அந்த நாளைக் காலியாக விட வேண்டும். மாலை நான்கு மணிக்கு இந்தியா கேட், பக்கத்திலேயே தேசியப் போர் நினைவகம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

வெள்ளி காலையில் தேசிய அருங்காட்சியகமோ பிரதமர்கள் அருங்காட்சியகமோ, மதியம் அக்ஷர்தாம். அக்ஷர்தாமில் மொபைல், கேமரா, பை எதுவும் அனுமதி இல்லை. இலவசமாக வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த வரிசையிலேயே விடுமுறை நாளில் முக்கால் மணி நேரம் போனது எங்களுக்கு. ஒருவரே எல்லாருடைய பொருளையும் ஒரே பையில் வைத்துக் கொடுத்தால் சீக்கிரம். இசை நீரூற்றுக் காட்சி இருட்டிய பிறகுதான், திறந்தவெளியில். போர்வை மாதிரி ஒரு சால்வை கூட இருக்கட்டும்.

சனி செங்கோட்டை, சாந்தினி சௌக். காலையில் சாந்தினி சௌக்கில் தௌலத் கி சாட் என்று பால் நுரையில் செய்த இனிப்பு விற்பார்கள். குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது. வாயில் வைத்ததும் இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. என் பெண் மூன்று கிண்ணம் சாப்பிட்டாள்.

ஞாயிறு எல்லா இடத்திலும் கூட்டம் நெரியும். காலையில் ஆர்.கே.புரத்தில் இருக்கும் மலை மந்திர், நம் உத்தர சுவாமிமலை முருகன் கோயில். வசந்த் விஹார் மெட்ரோவிலிருந்து ஆட்டோ. மதியம் கடைவீதி. திங்கள் குதுப் மினார், ஹுமாயூன் சமாதி. செவ்வாய் ஆக்ரா. புதன் திரும்புவது.

நினைவிடங்களின் நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு நூறு ரூபாய்க்குள்தான். பணத்துக்காக அல்ல, வரிசைக்காக இணையத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்.

10. ஆக்ரா ஒரே நாளில்

நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் கதிமான் எக்ஸ்பிரஸ் கிளம்பி, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட் சேரும். மாலை அதே ரயிலில் திரும்பலாம். வெள்ளி ஓடாது. இதற்கும் அறுபது நாள் கணக்குத்தான், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். பனிக்காலத்தில் கார் வேண்டாம். அதிகாலையில் விரைவுச் சாலையில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குக்கூடத் தெரியாது.

தாஜ்மகாலைச் சூரிய உதயத்தில் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். டிசம்பர் கடைசியில் அது நடக்காது. நாங்கள் பத்தரைக்கு உள்ளே போனபோதும் எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி பனி. பையன் "எங்கேம்மா?" என்று கேட்டான். பதினொன்றரைக்கு முதலில் ஒரு மினாரின் நுனி தெரிந்தது, பிறகு குவிமாடத்தின் உச்சி, அரை மணியில் முழுவதும் வந்து நின்றது. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஆகவே முதலில் ஆக்ரா கோட்டை, பதினொன்றரைக்கு மேல் தாஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவு 50 ரூபாய், சமாதி இருக்கும் மேல்தளத்துக்கு அதற்கு மேல் இன்னொரு 200. சாப்பாட்டுப் பொருளும் பெரிய பையும் உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர் கொண்டுபோகலாம்.

11. சாப்பாடு

மூன்றாம் நாள் பிள்ளைகள் சோறு கேட்பார்கள். அசோகா சாலையில் ஆந்திர பவன் கேன்டீனில் யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், சாதம் கேட்கக் கேட்க வரும். மதியம் பன்னிரண்டரைக்குள் போனால் வரிசை குறைவு. கன்னாட் பிளேஸ் பக்கம் நம்மூர் டிபன் கிடைக்கும், நம்மூர் விலையில் கிடைக்காது. பங்களா சாஹிப்பில் லங்கர் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம், தலையை மூடித் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சூடான ரொட்டியும் பருப்பும். அம்மா அதைத்தான் இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு என்கிறார்.

தண்ணீர் குடிக்க மறந்துபோகும், தாகமே எடுக்காது. சின்ன பிளாஸ்க் ஒன்றில் வெந்நீர் நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள்.

12. எங்களுக்கு ஆன செலவு

ஐந்து பேர், ஆறு இரவு. மூன்றடுக்கு ஏ.சி. போகவர 22,000. இரண்டு அறை, அறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,000 வீதம் 24,000. ஹீட்டருக்கு மட்டும் 3,600, முன்பே கேட்டிருந்தால் இது மிச்சம். ஆக்ரா ரயில், நுழைவு, ஆட்டோ எல்லாம் 10,000. ஊருக்குள் மெட்ரோ, ஆட்டோ 5,000. சாப்பாடு 12,000. குளிர் உடைகள் 6,000. நுழைவுக் கட்டணம், கண்காட்சி, சில்லறை 2,000. மொத்தம் 85,000-ஐ நெருங்கியது. கையில் இதற்கு மேல் பத்தாயிரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ரத்தானால் ஒரு இரவு கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கும்.

13. திரும்பும் நாள்

டிசம்பர் 31 இரவு டெல்லியில் இருந்தால், ஒன்பது மணிக்கு மேல் ராஜீவ் சௌக் மெட்ரோவில் வெளியேற விடுவதில்லை. கன்னாட் பிளேஸுக்குள் வாகனங்களுக்கும் கட்டுப்பாடு. அன்று ரயில் பிடிக்க வேண்டியவர்கள் சாயங்காலமே ஸ்டேஷன் பக்கம் வந்துவிடுங்கள்.

பள்ளி திறப்பதற்கும் நீங்கள் சென்னை சேர்வதற்கும் நடுவில் ஒரு முழு நாளாவது இருக்கட்டும். வரும் ரயில் தாமதமானால், திரும்பக் கிளம்புவதும் தள்ளிப்போகும். வேர் இஸ் மை ட்ரெயின் போன்ற செயலியில் சென்னையிலிருந்து வரும் வண்டி எங்கே இருக்கிறது என்று காலையிலேயே பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்து, நீங்கள் அந்த ரயிலில் போகப் போவதில்லை என்றால், ரயில் கிளம்புவதற்கு முன்னால் டி.டி.ஆர். (டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்ய வேண்டும். அப்போது முழுப் பணமும் திரும்ப வரும். ரயில் நகர்ந்த பிறகு பதிந்தால் பலனில்லை. இது தெரியாமல் பணத்தை விட்டவர்களைப் பயணிகள் காத்திருப்பு அறையிலேயே இரண்டு பேரைப் பார்த்தேன்.

அறையை எந்த நேரத்தில் காலி செய்ய வேண்டும், அதன் பிறகு பெட்டிகளை அங்கேயே வைத்துக்கொள்வார்களா என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் வண்டி ஐந்து மணி நேரம் தாமதமாகக் கிளம்பியபோது, அந்த ஏற்பாடுதான் நடைமேடைக் குளிரிலிருந்து காப்பாற்றியது. ரயிலுக்கு ரொட்டி, பிஸ்கட், பழம் இரண்டு வேளைக்குக் கையில் இருக்கட்டும். நடுவழியில் சிக்னலுக்கு நின்றால் எந்த விற்பனையாளரும் வரமாட்டார்.

கடைசியாக ஒன்று. டெல்லியை விட்டுக் கிளம்புகிறோம் என்று ஸ்வெட்டர்களையெல்லாம் பெட்டியின் அடியில் போட்டு மூடிவிடாதீர்கள். ஆக்ரா, ஜான்சி தாண்டும்வரை குளிர் கூடவே வரும். நாக்பூர் வந்த பிறகுதான் அம்மா குல்லாவைக் கழற்றினார்.